எவர்சில்வரும் மூச்சு விடும்! மாமல்லபுரத்து உப்புக் காற்றில் ஒரு ஓட்டல் சமையற்கட்டு: இதெல்லாம் தெரியுமா?

உங்கள் வீட்டு எவர்சில்வர் தம்ளர் ஏற்கெனவே துருப்பிடித்துத்தான் இருக்கிறது, தெரியுமா?

ஆமாம்! பிடித்திருப்பது இரும்பின் துரு இல்லை, குரோமியத்தின் துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பெயர் வாங்க, இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்திருக்க வேண்டும். காற்று பட்டதும் அந்தக் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பு முழுவதும் ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. அதன் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் தடிமனுக்கு ஈடாக வேண்டுமென்றால் இப்படிப்பட்ட படலங்களை இருபதாயிரத்துக்கும் மேல் அடுக்க வேண்டும்! கண்ணுக்கே தெரியாத அந்த ஒன்றுதான் உள்ளே இருக்கும் இரும்பைத் தண்ணீரிடமிருந்து காக்கிறது. கத்தியால் கீறினால் படலம் கிழியும். கிழிந்த இடத்தில் அடுத்த கணமே காற்றிலிருக்கும் ஆக்சிஜன் புதுப்படலத்தைப் போடத் தொடங்கிவிடும். முழங்காலில் சிராய்த்த தோல் ஆற ஒரு வாரம் ஆகிறது நமக்கு!

இப்போது இதை ஒரு சமையற்கட்டுக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவின் மீன் உணவகங்களிலும், கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இருக்கும் விடுதிகளிலும் மேசை ஸ்டீல், சிங்க் ஸ்டீல், இட்லி ஸ்டீமர், மாவரைக்கும் கிரைண்டரின் டிரம், புகை இழுக்கும் ஹூட் எல்லாமே ஸ்டீல். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அக்கம்பக்கத்து ஓட்டல்களிலும் அதே பட்டறைகள் செய்துகொடுத்த அதே மேசைகள்தான். செங்கல்பட்டு மேசை வருடக்கணக்கில் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. மாமல்லபுரத்து மேசையோ சில மாதங்களிலேயே டீ சிந்திக் காய்ந்தது போலப் பழுப்பேறிவிடுகிறது. ஏன்?

உப்பு! கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் 19 கிராம் குளோரைடு. அலை உடைந்து சிதறும்போதெல்லாம் நுண்ணிய துளிகள் காற்றில் ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, துடைத்த மேசைமேல் உட்கார்ந்துகொள்கின்றன. மழைக்காலத்தில் அம்மா மூடிவைத்த உப்பு ஜாடி தானாகக் கசிந்து ஈரமாவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருக்கும் நீரைக் குடித்துத் தானே கரைந்துவிடும். கடற்கரை இரவுகளில் அந்த ஈரத்துக்கா பஞ்சம்? மேசைமேல் படிந்த ஒவ்வொரு உப்புத் துகளும் இரவில் ஒரு சொட்டு அடர்ந்த உப்புநீராக மாறுகிறது. படலத்தில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே குளோரைடு துளை போட்டு நுழைகிறது. ஊசிமுனை அளவு துளைதான், ஆனால் உள்ளே அது குழியாக ஆழமாகிக்கொண்டே போகும்!

ஆஸ்திரேலியாவில் இந்தப் பழுப்புக்கு ‘தேநீர்க் கறை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அலையடிக்கும் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் வரை இதற்கு வாய்ப்பு அதிகம் என்பது அவர்களுடைய அனுபவக் கணக்கு. இதில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. கட்டடத்துக்கு வெளியே நிற்கும் ஸ்டீல் புகைக்குழாயில், மழை நேராக அடிக்கும் பக்கம் பளபளப்பாகவே இருக்கும். கூரைக்கடியில் நனையாமல் பத்திரமாக இருக்கும் பக்கம்தான் முதலில் பழுக்கும்! மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் காரணம். நியூயார்க்கில் 1930இல் கட்டி முடித்த கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சி முழுவதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டில் அதற்குப் பெரிய அளவில் சுத்தம் நடந்தது ஒன்றிரண்டு முறைதான். மற்ற நாளெல்லாம் மழைதான் அதன் சுத்தப் பணியாளர்!

ஓட்டலுக்குள் மழை பெய்யாது. அங்கே மழையின் வேலையைச் செய்வது யார் தெரியுமா? கடைசியாகச் சமையற்கட்டை விட்டு வெளியேறும் அக்காக்கள். இரவு பத்தரை மணிக்கு ஒரு மீன் உணவகத்தின் பின்கட்டில் நின்று பார்த்தேன். சோப்பு போட்டுத் தேய்த்து முடித்த மேசையை ஒரு அக்கா மறுபடியும் நனைத்துக்கொண்டிருந்தார். “திரும்ப ஏங்க்கா?” என்றேன். “நல்ல தண்ணில ஒரு அலசு அலசிட்டுத்தான் தம்பி போவோம். போர்த் தண்ணிய அப்படியே காயவிட்டா காலைல வெள்ளை வெள்ளையா பூத்திருக்கும். அப்புறம் மஞ்ச மஞ்சளா வரும்” என்றார். மூன்றே வாக்கியத்தில் ஒரு அரிப்பியல் பாடம்! நிலத்தடி நீரில் கடல் கலந்து உவர்த்துப்போன கரையோரத்தில், கழுவும் தண்ணீரே உப்பைக் கொண்டுவந்து பூசிவிடுகிறது. அதனால் தேய்ப்பது எந்தத் தண்ணீராக இருந்தாலும், கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பருத்தித் துணியால் ஒட்டத் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் நீர் மட்டும் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும்.

இப்போது கடைக்காரர் ரகசியம் ஒன்று. “காந்தம் ஒட்டலை பாருங்க, அசல் 304” என்று சொல்லி விற்பார்கள். நம்பிவிடாதீர்கள்! 304 என்பது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட ரகம், காந்தம் ஒட்டாது, உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைச் சேர்த்த, விலை மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாதே! உப்புக் காற்றில் முதலில் பழுப்பது அந்த 202தான். இன்னொரு பக்கம், அசல் 304 தகட்டையே மடக்கி மூலையாக்கினால், மடங்கிய இடத்தில் மட்டும் படிக அமைப்பு மாறிக் காந்தம் லேசாக ஒட்டும்! அதைப் பார்த்துப் போலி என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ரகத்தைச் சரியாக அறிய வேண்டுமானால் தகடு தயாரித்த ஆலையின் சான்றிதழைக் கேளுங்கள். நம் ஊரிலேயே சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டி வருகிறதே!

கடற்கரைக்கு உகந்தது 316. 304இன் கலவையில் நிக்கலைச் சற்றுக் கூட்டி, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்தால் 316. அந்தத் துளி மாலிப்டினம்தான் குளோரைடு துளை போடுவதைத் தடுத்து நிற்கிறது. இந்த 316 குடும்பத்தின் மூத்த பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது தெரியுமா? மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கும் கல்பாக்கத்தில்! அங்கே 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் முதன்மைக் கலன் செய்யப்பட்டிருப்பது, கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த 316 ரகத்தால்தான். விட்டம் சுமார் 13 மீட்டர். ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட உருகிய சோடியத்தைத் தாங்குவதற்கான அண்டா அது! வடக்கே திரும்பினால் நெம்மேலி. 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே இருக்கிறது. 2024இல் 15 கோடி லிட்டர் திறனில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இதுபோன்ற ஆலைகளில் கடல்நீரைப் பேரழுத்தத்தில் தள்ளும் பம்புகளுக்கு 316கூடப் போதாது. 25 சதவீதம் குரோமியம் கொண்ட ‘சூப்பர் டூப்ளெக்ஸ்’ ரகம் வேண்டும். ஒரே கரையில் அணு உலை, கடல்நீர் ஆலை, வஞ்சிரம் வறுக்கும் சமையற்கட்டு, மூன்றுக்கும் எதிரி ஒரே குளோரைடு!

அடுத்தது என் சொந்த வீட்டுச் சங்கதி. சித்தப்பா கோவளத்துப் பக்கம் மெஸ் வைத்திருந்தபோது, புதிதாக வாங்கிய ஃபிரீசரின் மேல் ஒட்டி வந்த நீலப் பிளாஸ்டிக் தாளை உரிக்கவே விடவில்லை. “புதுசா இருக்கட்டும்டா” என்பார். ஒரு வருடம் கழித்து ஓரம் கிழிந்து தானாக உரிந்தபோது பார்த்தால், உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி பழுப்புப் புள்ளிகள்! தாள் மூடாத கைப்பிடியில் ஒரு புள்ளி இல்லை. சித்தப்பாவுக்கு ஆறவே இல்லை. எனக்கும்தான்.

காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். படலம் உயிரோடிருக்க ஆக்சிஜன் வேண்டும். தாளுக்கடியில் உப்பு ஈரம் கசிந்து நுழைந்தது, காற்று நுழையவில்லை. மூச்சு முட்டிய இடத்தில் படலம் கிழிந்தால் மறுபடி போட ஆக்சிஜன் இல்லை. ஒட்டிய ஸ்டிக்கருக்கடியில், மேசைக்காலின் ரப்பர் குமிழுக்குள், இரவு முழுவதும் சிங்க்கில் கிடந்த ஈரத்துணிக்கடியில், ஒன்றுக்குள் ஒன்றாக ஈரத்தோடு கவிழ்த்துவைத்த தட்டுகளின் இடுக்கில், எல்லா இடத்திலும் இதே கதைதான். உரியுங்கள், பிரியுங்கள், காயவிடுங்கள். ஸ்டீல் மேசையில் ஒரு சாதாரண இரும்புத் திருகாணியை முடுக்கினால்கூட வினைதான். இரு உலோகங்களும் உப்பு ஈரமும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி தயார். அதில் கரையப்போவது பாவப்பட்ட அந்தத் திருகாணி. அதன் துரு மேசையெல்லாம் வழிந்து கோடு போடும்!

எலுமிச்சை ஸ்டீலுக்கு மருந்து என்பது தெரியுமா? பட்டறைகளில் ஸ்டீலை அமிலத்தில் கழுவி, மேலே ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களைக் கரைத்தெடுத்து, படலத்தைப் பலப்படுத்துவார்கள். முன்பெல்லாம் நைட்ரிக் அமிலம்தான் இதற்கு. இப்போது சிட்ரிக் அமிலமும் ஏற்கப்பட்ட முறை. எலுமிச்சையின் புளிப்பே அந்த சிட்ரிக் அமிலம்தானே! சமையற்கட்டில் எலுமிச்சை தேய்த்தால் பட்டறை வேலை ஆகிவிடாது, ஆனாலும் லேசான பழுப்புக்கும் வெள்ளைச் சுண்ணக் கறைக்கும் எலுமிச்சையோ வினிகரோ அழகாக வேலை செய்யும். தேய்த்த பிறகு அலச மறக்காதீர்கள். புளியும் நல்லதுதான், அதில் இருப்பது டார்டாரிக் அமிலம். ஆனால் பித்தளைக் குடத்துக்குச் செய்வது போலப் புளியோடு உப்பைச் சேர்த்து ஸ்டீலைத் தேய்த்துவிடாதீர்கள்! புளிப்பும் உப்பும் சேர்ந்தால் பித்தளை தங்கமாக ஜொலிக்கும், ஸ்டீலுக்கோ அதுதான் நஞ்சு. செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோர டிகிரி காபிக் கடைகளில் பித்தளை ஃபில்டர்கள் வரிசையாக மின்னுகின்றனவே, அந்தக் கைப்பக்குவத்தை அப்படியே பக்கத்து ஸ்டீல் மேசைக்கும் கொண்டுபோவதில்தான் பல கடைகளில் தவறு நேர்கிறது.

கம்பிச் சுருள்! பாத்திரம் தேய்க்க இரும்புக் கம்பிச் சுருளை எடுத்தால், அது ஸ்டீலைக் கீறுவதோடு நிற்பதில்லை. தன் துகள்களை அந்தக் கீறல்களில் விட்டுவிட்டுப் போகிறது. மறுநாள் துருப்பிடிப்பது அந்தத் துகள்கள்தான், பழி விழுவது மேசைமேல். தேங்காய் நார் கீறாது, துகள் விடாது, செலவும் இல்லை. நம் பாட்டிமார் கையில் இருந்த அந்தத் தேங்காய் நார், நட்சத்திர ஓட்டல் சமையற்கட்டுக்கும் குறைவில்லாத கருவி என்று நான் அடித்துச் சொல்வேன். மேசைத் தகட்டை உற்றுப் பாருங்கள், ஒரே திசையில் மெல்லிய இழைகள் ஓடும். தேய்ப்பதும் அந்த இழையோட்டத்திலேயே இருக்கட்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு தங்கப் புதுப் பள்ளங்களை நாமே வெட்டிக்கொடுத்தது போலாகும்.

அடுத்ததை நின்று கவனியுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலும் கழிவறை ஆசிடும் கிருமியையும் கறையையும் போக்குமே என்று ஸ்டீல்மேல் ஊற்றுகிறார்கள். ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது குளோரைடும் அமிலமும் கைகோத்து வருகிறது. படலம் நிமிடங்களில் போய்விடும். பிளீச்சை அளவோடு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் என்ற அளவில் கரைத்து, சில நிமிடம் வைத்து, அலசிவிட்டால் தொல்லையில்லை. அள்ளிப்போட்டு இரவெல்லாம் ஊறவிட்டால் காலையில் புள்ளி விழுந்திருக்கும். இரண்டையும் சேர்த்து ஊற்றுவது பற்றி நினைத்தும் பார்க்காதீர்கள்! பிளீச்சும் ஆசிடும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் வீரர்களின் நுரையீரலைக் கருக்கிய அதே வாயு. கதவடைத்த பின்கட்டில் பாத்திரம் கழுவும் ஒருவருக்கு அது எமன். இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், முதலாளிகளே! லேபிள் கிழிந்த கேனை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

சாம்பார் அண்டா ஏன் அடிப்பிடிக்கிறது தெரியுமா? வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு ஸ்டீலைவிடச் சுமார் 25 மடங்கு கெட்டி. அலுமினியமும் ஏறக்குறைய 15 மடங்கு. ஸ்டீலில் பர்னர் படும் இடம் கொதிக்கும், ஒரு சாண் தள்ளி வெதுவெதுப்பாக இருக்கும். அடிப்பிடித்ததைச் சுரண்ட வேண்டாம். வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி ஊறவிட்டால் தானாக நெகிழும். வெறும் அண்டாவைச் சூடேற்றியதும் தெரியும் வானவில் நிறம் அழுக்கே இல்லை! வெப்பத்தில் படலம் தடித்து, தெருவில் சிந்திய பெட்ரோல் நிறம் காட்டுவது போல, ஒளியைப் பிரித்துக் காட்டுகிறது. கொஞ்சம் வினிகர் போதும். இன்னொன்று, கல்லுப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். அது அடியில் உட்கார்ந்து கரையும் இடத்தில் குழி விழும். கொதி வந்ததும் போட்டுக் கிளறுங்கள்.

ஸ்டீல் கிருமியைக் கொல்லும் என்று நினைத்தீர்களா? கொல்லாது! 2020இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கொரோனா வைரஸை வெவ்வேறு பரப்புகளில் வைத்துப் பார்த்தார்கள். செம்பில் 4 மணி நேரத்துக்குப் பிறகு உயிர்ப்புள்ள வைரஸ் அகப்படவில்லை. ஸ்டீலில் 72 மணி நேரம் வரை அகப்பட்டது. ஸ்டீலின் பெருமை வேறு. வழவழப்பான அதன் பரப்பில் கிருமிக்கு ஒளிய இடம் கிடையாது, கழுவினால் போய்விடும். அதனால்தான் உணவு படும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்று இயந்திரம் செய்பவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். கம்பிச் சுருள் போட்ட ஒவ்வொரு கீறலும் அந்த அளவைத் தாண்டிய ஒரு குகை!

மேலே நிமிர்ந்து ஹூட்டையும் பார்த்துவிடுங்கள். அதற்குள் படியும் எண்ணெய்ப் பிசுக்கு உறைந்த எரிபொருள். அடுப்பிலிருந்து ஒரு தீநாக்கு எட்டினால் புகைக்குழாய் முழுக்க ஓடும். ஃபில்டர்களைக் கழற்றி வெந்நீரும் காரக் கரைசலும் நிறைந்த தொட்டியில் ஊறவைப்பது நல்ல வழக்கம். ஆனால் முதலில் அது ஸ்டீலா அலுமினியமா என்று பாருங்கள். காஸ்டிக் சோடாவில் அலுமினியம் கரைந்தே போகும், கரையும்போது ஹைட்ரஜன் வாயு வேறு கிளம்பும்!

இத்தனை விந்தையும் எப்படிப் பிறந்தது? பீரங்கியும் துப்பாக்கியும் செய்த ஊரில்! 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துப்பாக்கிக் குழல் தேய்ந்துபோகாமலிருக்க வழி தேடியபோது உருக்கியது ஒரு குரோமிய எஃகு. அமிலம் ஊற்றியும் அது அரிக்கவில்லை. ஜெர்மனியின் குருப் ஆலையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் நிக்கல் சேர்த்த ரகம் உருவாகியிருந்தது. ஷெஃபீல்டின் கத்தி செய்பவர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட், பிரேர்லியின் எஃகில் செய்த கத்தியை வினிகரில் சோதித்துவிட்டு ‘ஸ்டெயின்லெஸ்’ என்றார். நாம் அதைவிட ஒரு படி மேலே போய் ‘எவர்சில்வர்’ என்றோம், என்றைக்கும் வெள்ளி!

இனி ஒத்தவாடைத் தெருவிலிருந்து சற்றுத் தள்ளி, அதே கடற்கரையில் நிற்கும் கடற்கரைக் கோயிலுக்கு வாருங்கள். ராஜசிம்ம பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆயிரத்து முந்நூறு வருட உப்புக் காற்று அந்தச் சிற்பங்களின் முகத்தை மழுங்கடித்திருக்கிறது. கல்லின் நுண்துளைக்குள் புகுந்த உப்பு காய்ந்து படிகமாகும்போது கல்லை உள்ளிருந்து நெம்புகிறது. காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் அலையைத் தடுக்கப் பாறைக் கரையும் போட்ட இந்தியத் தொல்லியல் துறை, உள்ளே போன உப்பை எப்படி வெளியே எடுக்கிறது தெரியுமா? காகிதக் கூழால்! நல்ல தண்ணீரில் ஊறிய கூழை மருத்துவர் பற்றுப் போடுவது போலக் கல்லின்மேல் அப்பிவிடுகிறார்கள். கூழின் நீர் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கரைக்கிறது. வெயிலில் கூழ் காயக் காய, கரைந்த உப்பு கல்லை விட்டுக் கூழுக்கு ஏறிவருகிறது. காய்ந்த கூழை உரித்து எறிந்துவிட்டுப் புதுக் கூழை அப்புகிறார்கள், உப்பு போதுமான அளவு குறையும் வரை, மறுபடியும் மறுபடியும்!